காலத்தை நீட்டலும் குறுக்கலும்

அறியாமையால் நான் ஒரு மாணவிக்கு இழைத்த தவற்றைக் கூறி இப்பேச்சைத் தொடங்குவதே முறை என்று எண்ணுகிறேன். 35 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், பொழுதைப் பயனுறக் கழிக்க விரும்பி, கணிப்பொறியில் வீடியோப் படம் தொகுக்கும் கலையை என் பேரனிடம் பாடம் கேட்டுக் கற்றேன். கற்றது கொஞ்சம்; அதனால் விளைந்த செருக்கோ மிகுதி. நான் முன்பு பணிபுரிந்த பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவைப் படமாகத் தொகுத்துத் தருகிறேன் என்று நானே முன்வந்து ஒப்புக்கொண்டேன்.

அவ்விழாவில் பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டப் பந்தயம் மிக நெருக்கமாக முடிந்தது. நான்காம் தடத்தில் ஓடிய பெண் முதலில் வந்தாள் என்று எல்லைக் கோட்டில் நின்ற நடுவர்கள் முடிவு கூறிக் கோப்பையை அவளுக்கு அளித்தார்கள். பின்னர் நான் வீட்டில் அமர்ந்து அந்த முடிவுக் காட்சியின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தேன். மூன்றாம் தடத்துப் பெண்ணின் மார்பு கோட்டை முதலில் தொடுவது தெளிவாகத் தெரிந்தது. அதைப் பள்ளியில் எல்லாரும் கூடியிருந்தபோது பெருந்திரையில் போட்டும் காட்டினேன். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. மறுநாள் காலையில் நான்காம் தடத்துப் பெண் கோப்பையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தலைமையாசிரியர் மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டாள்.

அந்தப் படம் காட்டியது உண்மையா? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், ஒரு காட்சியின் வேகத்தைக் கணிப்பொறி எவ்வாறு மாற்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வேகத்தை மாற்றும்போது தோன்றும் பல குறைகளுக்கும் அவற்றின் பரிகாரத்துக்கும் அவ்வறிவே திறவுகோல். ஆகவே விடையைச் சற்று ஒத்திவைத்து, பாடத்தைத் தொடங்குவோம்.

ஓடும் படம் என்று நாம் கூறுவது உண்மையில் ஓடாத பல தனிப்படங்களின் வரிசையே. இத்தனிப்படத்தைப் பிரேம் என்பர். திரையரங்கப் படத்தில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் 25. பேசாப்பட காலத்தில் காமிராவின் கைப்பிடியைக் கையால் சுழற்றிப் படம் எடுத்தார்கள். மெல்லச் சுழற்றினால் விநாடிக்குச் சில படங்களே பதியும். அவற்றை வழக்கமான வேகத்தில் ஓட்டும்போது மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். விரைந்து சுழற்றினால் பல படங்கள் பதியும். ஓட்டும்போது இயக்கம் மெதுவாகும். மந்த வேகப் படத்துக்கான கருவி ஒன்றுக்கு ஆஸ்திரியா நாட்டுப் பாதிரியாரும் பௌதிக அறிஞருமான ஆகஸ்ட் முஸ்கர் 1904-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஆக, வேகத்தை மாற்றும் இடம் அக்காலத்தில் காமிராவாக இருந்தது. இன்றோ, எடுத்து முடித்த பின் மேசையில் அமர்ந்து எண் ஒன்றை மாற்றுகிறோம். குறைகள் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் பிறக்கின்றன.

முதலில் கணக்கைச் சரியாகப் போடக் கற்போம். தொகுப்பு மென்பொருளில் வேகத்தை நூற்றுவீதமாகக் குறிப்பார்கள். 100 என்பது இயல்பான வேகம். 10 விநாடித் துண்டு ஒன்றை 200 ஆக்கினால் 5 விநாடி ஆகும். 50 ஆக்கினால் 20 விநாடி. 25 ஆக்கினால் 40 விநாடி. வேகமும் நேரமும் எதிர்விகிதத்தில் நிற்பவை. எட்டாம் வகுப்பில், ஒரு வேலையைப் பத்துப் பேர் செய்தால் இத்தனை நாள், இருபது பேர் செய்தால் எத்தனை நாள் என்று படித்த அதே கணக்குத்தான். இருந்தும் பலர் இங்கு இடறி விழுகிறார்கள். 10 விநாடித் துண்டை 8 விநாடியாகச் சுருக்க வேண்டுமென்றால், நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறதே என்று கருதி 120 என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. 10-ஐ 8-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 125 வரும், அதுவே விடை. பழைய நேரத்தைப் புதிய நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குக என்னும் ஒரு வாய்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

இனிக் குறைகளுக்கு வருவோம். ஒரு துண்டின் வேகத்தைக் குறைத்தால் அதன் நீளம் கூடுகிறது. ஆனால் அதன் பக்கத்திலேயே அடுத்த துண்டு நெருங்கி உட்கார்ந்திருக்கிறது. நீண்ட துண்டுக்கு இடம் ஏது? இரயில் இருக்கையில் நால்வர் அமர்ந்திருக்கும்போது ஒருவர் காலை நீட்ட விரும்பினால் மற்றவர்கள் நகர வேண்டும்; இல்லையேல் அவர் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். மென்பொருளும் இவ்விரண்டில் ஒன்றைத்தான் செய்யும். ரிப்பிள் என்னும் கட்டளையைத் தேர்ந்திருந்தால் பின்னுள்ள துண்டுகள் யாவும் நகர்ந்து வழிவிடும். தேராவிட்டால், பிரீமியர் புரோ போன்ற மென்பொருளில், அத்துண்டு தன் பழைய இடத்துக்குள்ளேயே அடங்கி, அதன் கடைப்பகுதி வெட்டுண்டு மறையும். “மந்த வேகம் கொடுத்தேன், காட்சியின் முடிவையே காணோம்” என்று புலம்புகிறவர்கள் இந்த இடத்தை நோக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினாலோ துண்டு சுருங்கி, நடுவே கருப்பு இடைவெளி விழும். இதற்கும் ரிப்பிளே மருந்து. ஆனால் மருந்துக்கும் ஒரு பத்தியம் உண்டு. எல்லாம் நகரும்போது, கீழே தனித் தடத்தில் இட்ட பின்னணி இசையும் நகர்ந்ததா, இடத்திலேயே நின்றதா என்று பார்த்தல் வேண்டும். நகரக் கூடாதது நகர்ந்தாலும், நகர வேண்டியது நின்றாலும், அதற்குப் பின் வரும் காட்சிகளெல்லாம் ஒலியோடு பொருந்தாமல் போகும்.

அடுத்த குறை, மந்த வேகக் காட்சி வெட்டி வெட்டி ஓடுவது. காரணம் எளிது. விநாடிக்கு 25 படமாக எடுத்த காட்சியைப் பாதி வேகத்தில் ஓட்டினால், ஒரு விநாடியை நிரப்ப உண்மைப் படங்கள் பன்னிரண்டரையே உள்ளன, தேவையோ 25. ஆதலின் ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டுகிறது கருவி. வேகத்தை 60 ஆக்கினால் நிலைமை இன்னும் மோசம். மூன்று படங்கள் ஐந்து இடங்களை நிரப்ப வேண்டும். இரண்டு படங்கள் இருமுறையும் ஒன்று ஒருமுறையும் தோன்றும். ஒரே சீராக இல்லாமையால், நொண்டி நடப்பது போன்ற ஓட்டம் கண்ணை உறுத்துகிறது. ஆகவே 60-ஐ விட 50 நன்று. 30-ஐ விட 25 நன்று. முழு எண்ணால் வகுபடும் வேகம் சீரான வேகம்.

இதனினும் சிறந்த வழி, படம் எடுக்கும்போதே மிகுதியான பிரேம்களை எடுத்து வைத்துக்கொள்வது. விநாடிக்கு 50 பிரேமாக எடுத்ததை 25 பிரேம் தொகுப்பில் இயல்பு வேகத்தில் ஓட்டினால், ஒன்றுவிட்டு ஒன்று கைவிடப்படும். அதையே 50 வேகத்தில் ஓட்டினால் எல்லாப் படங்களும் பயன்படும். ஒன்றையும் திருப்பிக் காட்டத் தேவையில்லை. 100 பிரேமாக எடுத்ததை 25 வேகம் வரை குறைக்கலாம். கையிருப்பு உள்ளவரைதான் செலவு செய்யலாம் என்னும் குடும்ப நியாயமே இங்கும் செல்லும். இங்கே ஓர் எச்சரிக்கை. சில கைப்பேசிகள் மந்த வேகக் காட்சியை எடுக்கும்போதே மெதுவாக்கிச் சேமித்துவிடுகின்றன. அதை அறியாமல் மீண்டும் 25 என்று கொடுத்தால், மெதுவானது மேலும் மெதுவாகி ஊர்ந்து செல்லும். கோப்பின் விவரக்குறிப்பைத் திறந்து, விநாடிக்கு எத்தனை பிரேம் என்று பார்த்த பின்னரே கைவைக்க வேண்டும்.

விளக்கொளி துடிப்பதும் மந்த வேகத்துக்கே உரிய ஒரு குறை. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது; ஆதலின் பழைய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அத்துடிப்பு, மந்த வேகத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. 60, 120 என்ற கணக்கில் எடுக்காமல் 50, 100 என்ற கணக்கில் எடுத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். வெயிலில் எடுத்த காட்சிக்கு இக்கவலை இல்லை.

ஒலியைப் பற்றியும் சில சொற்கள். இசைத்தட்டை மெல்லச் சுழலவிட்டால் பாடகரின் குரல் தாழ்ந்து கரகரப்பதை நாம் கேட்டிருக்கிறோம். இங்கும் அதுவே நிகழ்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். இரு மடங்காக்கினால் ஒரு ஸ்தாயி மேலே ஏறும். சுருதியை மாற்றாமல் காக்கும் தெரிவு ஒன்று பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு; கேடென்லைவ் என்னும் இலவச மென்பொருளிலும் அது உண்டு. ஆயினும் வேகத்தை மிகவும் குறைத்தால், சுருதி காத்த ஒலியும் நீருக்குள்ளிருந்து வருவது போல் கலங்கித்தான் கேட்கும். அப்போது ஒலியைக் காட்சியிலிருந்து பிரித்து நீக்கிவிட்டு, இசையையோ விளக்கவுரையையோ வைப்பதே நயமானது. பேச்சு இடம்பெறும் காட்சியில் படத்தின் வேகத்தை மட்டும் மாற்றி ஒலியை அப்படியே விட்டால், உதடு ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். இரண்டையும் இணைத்தே மாற்ற வேண்டும்.

வேகத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் ஒலியும் படமும் சிறிது சிறிதாக விலகிச் செல்கின்றன என்பவர்களும் உண்டு. கைப்பேசி தன் வசதிக்கேற்பப் பிரேம் வீதத்தை இடையிடையே மாற்றிக்கொள்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அத்தகைய கோப்பை, ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியைக் கொண்டு, மாறாத வீதமுள்ள கோப்பாக மாற்றிக்கொண்டு பின்பு தொகுக்கத் தொடங்கினால் விலகல் நின்றுவிடும்.

நடுக்கத்தைப் போக்கும் விளைவையும் வேக மாற்றத்தையும் ஒரே துண்டின்மேல் சுமத்தினால் சில மென்பொருள்கள் ஏற்பதில்லை. பிரீமியர் புரோவில் இவ்விரண்டும் ஒரு துண்டில் சேர்ந்து இயங்கா. ஒன்றை முடித்து, நெஸ்ட் என்னும் உறைக்குள் அத்துண்டை வைத்து, அவ்வுறையின்மேல் மற்றதைச் செய்ய வேண்டும்.

இன்னொரு குறை உண்மையில் குறையே அன்று. முன்னோட்டத்தில் தடுமாறி ஓடும் காட்சி, படத்தை ஆக்கி வெளியேற்றிய பின் செவ்வனே ஓடக்கூடும். கணிப்பொறியின் வலிமை போதாமையால் முன்னோட்டம் திணறுகிறது, அவ்வளவே. ஐயம் எழுந்தால், பத்து விநாடிப் பகுதியை மட்டும் தனிக் கோப்பாக ஆக்கிப் பார்த்துவிடலாம். இதை அறியாமல், நான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் இல்லாத நோய்க்கு மருந்து தேடியிருக்கிறேன்.

குறை எதுவாயினும் தேடும் முறை ஒன்றே. பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நாங்கள் கற்பித்த முறைதான் அது. முதலில் துண்டை நகல் எடுத்து வைத்துக்கொள்க, மூலத்தைத் தொடற்க. அடுத்து, வேகத்தை 100-க்குத் திருப்பி, குறை இன்னும் இருக்கிறதா என்று காண்க. இருந்தால் அது வேகத்தின் குற்றமன்று. கோப்பிலோ கணிப்பொறியிலோ தேட வேண்டும். மறைந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது நோய், எது மருந்து என்று ஒருகாலும் தெரியாது.

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். மந்த வேகத்தில் இடங்கள் காலியாகின்றன என்றும் அவற்றை நிரப்ப வேண்டும் என்றும் கண்டோம். நிரப்பும் முறை மூன்று. உள்ள படத்தையே திரும்பக் காட்டுவது ஒன்று. பிரீமியர் புரோவில் ஃபிரேம் சாம்பிளிங் என்றும், டாவின்சி ரிசால்வில் நியரெஸ்ட் என்றும் இதற்குப் பெயர். முன்னும் பின்னும் உள்ள படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து காட்டுவது மற்றொன்று. மூன்றாவதாகிய ஆப்டிகல் ஃப்ளோ என்பதே மிகவும் நுட்பமானது. ஒரு படத்தின் புள்ளிகள் அடுத்த படத்தில் எங்கே சென்றிருக்கின்றன என்று கணக்கிட்டு, இடையில் அவை எங்கே இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து, புதிய படங்களை அது வரைந்து தருகிறது. காட்சி வெண்ணெய் போல் வழுக்கிச் செல்லும். ஆனால் அப்புதிய படங்கள் காமிரா கண்டவை அல்ல; கணிப்பொறி கற்பித்தவை.

நான் தேர்ந்திருந்தது அந்த மூன்றாம் முறையை. 25 பிரேமாக எடுத்ததைப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினேன். அப்படியானால், உண்மையான இரு படங்களுக்கிடையே ஒன்பது கற்பனைப் படங்கள் நின்றன. படம் காட்டிய இரண்டு நாளைக்குப் பின், வேறொரு காட்சியில் ஒருவர் கை இருவர் கையாகப் பிளந்து தோன்றியது கண்டு அக்குறையைத் தேடப் போனபோதுதான் இவ்வுண்மை எனக்கு உறைத்தது. உடனே பந்தயக் காட்சியைத் திறந்து முதல் முறைக்கு மாற்றினேன். வழுக்கிச் சென்ற காட்சி, தவளை போல் தாவிற்று. கோட்டருகே உண்மையான படங்கள் இரண்டே இருந்தன. முதற்படத்தில் இருவருமே கோட்டை எட்டவில்லை. மூன்றாம் தடத்துப் பெண் சிறிது முன்னால் இருந்தாள். அடுத்த படத்தில் இருவருமே கோட்டைக் கடந்துவிட்டனர். நான்காம் தடத்துப் பெண், மார்பை முன்னே சாய்த்து, சிறிது முன்னால் இருந்தாள். கோட்டைத் தொட்ட கணத்தைக் காமிரா காணவே இல்லை. நான் பெருந்திரையில் காட்டியது ஒன்பது கற்பனைப் படங்களுள் நான்காவது. அதை நிறுத்தி உற்று நோக்கினேன். ஒருத்தியின் முழங்கை மற்றவளின் சட்டையோடு உருகி ஒட்டிக் கிடந்தது. பார்க்க விரும்பியதை மட்டும் பார்த்த என் கண்ணுக்கு அன்று அது படவில்லை.

விநாடிக்கு 7 மீட்டர் ஓடுகிறவள், இரு பிரேம்களுக்கிடையே 28 சென்டிமீட்டர் சென்றுவிடுகிறாள். ஒரு சாணுக்கும் மேற்பட்ட அத்தூரத்தில் முந்தியவர் பிந்தவும் பிந்தியவர் முந்தவும் இடம் உண்டு. போதாக்குறைக்கு, என் காமிரா கோட்டுக்கு நேராகவும் நிற்கவில்லை. உலகத் தடகளப் போட்டிகளில் எல்லைக் கோட்டுக்கு நேராகத் தனிவகைக் காமிராவை நிறுத்தி, ஓடுவோரின் உடற்பகுதி கோட்டின் முன்விளிம்பை எட்டும் கணத்தைக் கொண்டு முடிவு செய்வது இக்காரணம் பற்றியே.

இத்தருணத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. 1878-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் பிடித்து, நான்கு கால்களும் எழுகின்றன என்று காட்டினார். விவாதம் தீர்ந்தது. ஏன்? அவருடைய படம் ஒவ்வொன்றும் ஒரு காமிரா உண்மையில் கண்ட கணம். என் படம் விவாதத்தைத் தீர்க்காமல் வளர்த்தது. ஏனெனில் அது யாரும் காணாத கணம்.

மறுநாளே பள்ளிக்குச் சென்று, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர் அனைவர் முன்னிலையிலும் அவ்விரண்டு உண்மைப் படங்களையும் காட்டி, என் பிழையை ஒப்புக்கொண்டேன். காமிரா இங்கே சாட்சி சொல்லவில்லை. கோட்டருகே நின்று கண்ணால் கண்ட நடுவர்களின் முடிவே நிற்கும் என்றேன். மூன்றாம் தடத்துப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டேன். இல்லாத வெற்றியைக் காட்டி அவளையும் ஏமாற்றியவன் நான் அல்லவா? பிறகு தலைமையாசிரியரிடமிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு நான்காம் தடத்துப் பெண்ணின் வீட்டுக்கு நடந்தேன். “நீ முந்தியது உனக்குத் தெரிந்திருக்குமே அம்மா, அன்றே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அவள் தலைகுனிந்து, “தெரியும் சார். ஆனால் படத்தில் அப்படித் தெரிந்ததும், எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது சார்” என்றாள்.

கணக்குப் பிழையைத் திருத்தலாம். வெட்டுண்ட காட்சியை மீட்கலாம். கலங்கிய ஒலியை நீக்கலாம். தன் கால் ஓடியதையே ஒரு பெண் ஐயுறும்படி செய்த பிழை எளிதில் திருத்தக்கூடியது அன்று. ஆப்டிகல் ஃப்ளோ நல்ல கருவிதான். அருவி விழுவதையும் மயில் தோகை விரிப்பதையும் அழகுற நீட்டிக் காட்ட அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒருவர் முந்தினாரா, தொட்டாரா, தள்ளினாரா என்று தீர்ப்புக் கூற வேண்டிய இடத்தில் மட்டும் அதை அணைத்துவிட்டு, உண்மைப் படங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். அவை போதாவிட்டால், போதவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

நானும் இப்போது வேகம் மாற்றிய காட்சியைப் பிறருக்குக் காட்டும்போது, இதில் கருவி வரைந்த படங்களும் கலந்துள்ளன என்று ஒரு வரியை அடியில் எழுதிவிடுகிறேன். அவ்வாறு எழுத அரை நிமிடம் ஆகிறது.